அழைப்பு மணியில் வைத்த விரல்

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தில் லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கடையோடு விட்டுவிட்டு வந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்து உட்கார வைத்து, தன் நாவலில் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் படித்துக் காட்டி, அதையே கேட்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"காதைக் கழட்டி வச்சிட்டியா? நல்லாக் கேளு."

கதையில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியில் விரலை வைக்கிறாள். அந்த விரலை எத்தனை விதமாக வைத்தாள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எழுதுகிறவர்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நடுவில் முகவர்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு கடிதமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் மிச்சத்தைக் கேட்பார்கள். அக்கா வருஷக்கணக்காக அனுப்பினாள். வாய் நிறைய பல்பசையோடு ஒரு கையில் போனைத் தடவுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும், இவள் கடிதத்தில் ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டிருப்பாள். மறுப்பு வந்தால் அந்த மூன்று அத்தியாயங்களையும் மறுபடி முதலிலிருந்து திருத்துவாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நிலைகொள்ளாமல் போய்விட்டது.

ஒரு மதியம் கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். ஒரு முகவர் பதில் போட்டிருந்தார். முழு நாவலையும் உடனே அனுப்பச் சொல்லியிருந்தார்.

நான் துள்ளிக் குதித்தேன். "அனுப்புக்கா! இன்னும் என்ன யோசனை?"

"என்னத்த அனுப்புறது? மூணு அத்தியாயம்தான்டி இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் தலையில் எதையாவது தூக்கிப் போட்டிருப்பேன். "முடிவு தூக்கத்தையே கெடுக்கும்னு கடுதாசில எழுதியிருந்தியே!"

"என் தூக்கத்தக் கெடுத்துச்சுல்ல?" என்றாள் பாவமாக.

அறைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாக எழுதச் சொன்னேன். எழுதி அழித்தாள். ஆஸ்பத்திரியில் கிடப்பதாக எழுதச் சொன்னேன். அதையும் எழுதி அழித்தாள். கடைசியில் உண்மையையே எழுதினாள், நாவல் முடியவில்லை, மன்னியுங்கள் என்று. அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். திட்ட வாயெடுத்த நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

சாயங்காலமே பதில் வந்தது. 'எழுதாத நாவலை என்னால் விற்க முடியாது. இதை எனக்காகக் கேட்கிறேன்: கதவைத் திறந்தது யார்?'

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எது தெளிவு என்று கேட்க இப்போது கூப்பிடுவாள், அப்புறம் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், துணியை மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

"அக்கா, யாருக்கா திறந்தது?"

"சும்மா இருடி," என்றாள் உள்ளேயிருந்து. "இப்பத்தான் யாரோ நடந்து வர்ற சத்தம் கேக்குது."