வெள்ளைச் சட்டை போட்ட நாள்

பொரிகிற வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறவனைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நமீபியாவின் சரளைப் பாலையில் எனக்கு அதுதான் சீருடை. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோளின் கண், மேலே போனபின் மெல்ல மெல்ல மங்கும். ஏறிப்போய்ப் பார்க்க முடியாது. அது தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் தரை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கருவியோடு நடந்து அளந்து, அது சொல்வதோடு ஒப்பிடுவோம். வெள்ளை உடுத்தினால் சட்டையின் வெளிச்சமும் தரையில் விழுந்து அளவைக் கெடுத்துவிடும்.

முதல்முறை வீடியோ காலில் என்னைக் கறுப்பில் பார்த்ததும் அம்மா பதறிவிட்டாள். எங்கள் ஊரான காரக்கோணத்துப் பக்கம் கறுப்பு உடுத்தால் சபரிமலைக்கு மாலை போட்டதாக அர்த்தம். “எலே மக்கா, நீ வேதக்காரன் வீட்டுப் பயலாக்கும்!” என்றாள். வேதக்காரன் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவன். பக்கத்து வீட்டு அண்ணன் பின்னாலிருந்து, “இருமுடி கெட்ட நான் வாறேன்டே” என்று கேலி செய்தார்.

போன மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. அவள் கையைப் பிடித்து சர்ச்சுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் நான். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கடைசிவரை திரும்பி வரவில்லை. “நீயும் வெள்ளை இட்டுக்கோ மக்கா. ஆணாளுவ எல்லாம் வெள்ளையாக்கும், அந்தக் கூட்டத்தில நீயும் உண்டுன்னு நினைச்சிக்கிடுவேன்” என்றாள் அம்மா.

கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டையோடு பாலைக்குப் போனேன்; வேலை தொடங்கும்போது மாற்றக் கறுப்பு வண்டியில் இருந்தது. கல்யாணம் அங்கே மதியம் இரண்டு மணி, இங்கே காலை பத்தரை. செயற்கைக்கோள் வரும் நேரமும் அதேதான். வண்டியருகே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். போனில் தங்கச்சி சர்ச் வாசலில் நின்றாள். “அண்ணா, மாமாக்க கையப் பிடிச்சாக்கும் போறேன். நீ கட் பண்ணிராத” என்றாள். போனை என்னோடு வேலைபார்க்கும் பெட்ரஸிடம் கொடுத்துவிட்டு, கருவியை முதுகில் ஏற்றி நடந்தேன். கறுப்புக்கு மாற மறந்தே போனேன்.

“உன் அம்மா அழுகிறாரே, கல்யாணம் நின்றுவிட்டதா?” என்று பெட்ரஸ் கத்தினான்.

“இல்லை. எங்கள் ஊரில் நடந்தாலும் அழுவார்கள்.”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தான். நான் ஓடிவந்து மாற்றுவதற்குள், அளந்துகொண்டே நடக்கும் வரிசைகளில் முதலாவது முடிந்திருந்தது. மாமா அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்ததும் முடிந்திருந்தது. அதைப் பார்த்தவன் பெட்ரஸ்தான்.

மாலையில் கணினியில் பார்த்தால் அந்த வரிசையில் மட்டும் தரை கொஞ்சம் கூடுதலாக ஒளிர்ந்தது. பெட்ரஸ் அதைக் கணக்கிலிருந்து நீக்கினான்.

நேற்று கல்யாணப் போட்டோ வந்தது. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். நெருங்கி நிற்கச் சொன்ன போட்டோக்காரரிடம், “அங்க எனக்க பையன் உண்டு” என்று அம்மா சண்டை போட்டாளாம். அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள் குறைவு. இங்கே அந்த ஆளின் சட்டை வெளிச்சம் கூடுதல். நீக்கிய வரிசையை நான் அழிக்கவில்லை. போட்டோவோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.