மாதாவின் முகத்தில் ஓட்டை

இராயபுரத்துச் சிலுவையம்மாளுக்கு இடக் காது கேளாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் கணவன் லூயிஸ், திருமணமான மூன்றாம் மாதமே அறைந்து அதைச் செவிடாக்கியிருந்தான். அதன்பின் பதினான்கு ஆண்டுகளாக அவன் கை ஓயவில்லை.

1951ஆம் ஆண்டு, கன்னியர் மடத்தில் சிலை வார்க்கும் சுரூபப் பட்டறையில் ஒரு வேலை காலியாயிற்று. தங்குவதற்கு அறையும் உண்டு. வீட்டிலேயே அரைச்சாண் உயர மாதா சுரூபங்களை வார்த்து விற்றுவந்த சிலுவையம்மாள் போய்க் கேட்டாள். மடத்துத் தலைவி ஒரே நிபந்தனை விதித்தார்: “காற்றுக் குமிழியால் ஓட்டை விழாத சுரூபம் ஒன்றை நாளை மாலைக்குள் கொண்டு வா.”

மறுநாள் நண்பகலுக்குள் மூன்று வார்ப்புகள் பாழாயின. மூன்றிலும் மூக்கிலோ கன்னத்திலோ ஓட்டை. அம்மை கண்ட மாதா என்று குப்பத்தார்கூடத் தொடமாட்டார்கள். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையால் ஆன அச்சு, வளைந்து கொடுக்கும். ஆயினும் பிளாஸ்டர் இறுகும் சூட்டில் ஒவ்வொரு முறையும் சற்று இளகிவிடும். இன்னும் ஒரு வார்ப்பைத்தான் அது தாங்கும்.

இம்முறை பிளாஸ்டர் மாவை நீரில் தூவி ஊறவிட்டு, நுரை எழாதபடி மெல்லக் கலக்கினாள். மூக்குக் குழியிலும் விரல் இடுக்கிலும் முதற்பூச்சைத் தூரிகையால் தடவினாள். மீதியை ஒரே மூலையில் நூலிழையாக ஊற்றி முடித்தபோது, லூயிஸ் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“இன்னாமே, மடத்துக்குப் பூடப் போறியாமே? கூட்டாளிங்கல்லாம் சிரிக்கிறானுங்க!”

முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது. கூந்தலைப் பற்றி நெற்றியைச் சுவரில் மோதினான். இரத்தம் புருவத்தில் வழிந்தது. அப்படியும் ஆத்திரம் தீராமல், அச்சு இருந்த மேசையின் காலை உதைத்தான்.

அச்சின் திறந்த வாயில் கடுகளவு குமிழிகள் கிளம்பி வெடித்தன. முந்தைய வார்ப்புகளில் அவள் கையால் தட்டியும் வெளிவராத காற்று அது.

“யோவ், அவ்ளோதானா உன் பலம்? மூட்ட தூக்கறவன் உதையா இது?”

“கொழுப்பாடி உனுக்கு?”

மீண்டும் உதைத்தான், மீண்டும் குமிழிகள். மேசை கவிழாதபடி தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். ஐந்தாம் உதைக்குக் குமிழி ஒன்றும் வரவில்லை. பிளாஸ்டரின் ஈரப்பளபளப்பு மங்கிற்று. இறுகத் தொடங்கிவிட்டது, இனி அதிர்ந்தால் சுரூபம் கழுத்தில் விண்டுவிடும்.

“போதும், நிறுத்துய்யா.”

“நீ சொல்லி நான் நிறுத்தணுமா?”

அவன் காலை ஓங்கினான். வஜ்ஜிரக் கட்டி உடைக்கும் சுத்தியலை எடுத்து, அவன் ஊன்றியிருந்த காலின் முழங்காற்சில்லில் அவள் அடித்தாள். சில்லு நொறுங்கிற்று. அலறி விழுந்தவன் மேசைக்காலை நோக்கித் தவழ்ந்தான். அவன் நீட்டிய கையிலும் ஓர் அடி விழுந்தது.

“மேசையத் தொட்டே, அடுத்தது மண்ட.”

“ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போமே…”

“மாவு காயட்டும்.”

அவனுக்கும் மேசைக்கும் நடுவே, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அச்சை உரித்தாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவை அழைத்து, ரிக்‌ஷா வைத்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டு, மடத்துக்கு நடந்தாள்.

தலைவி சுரூபத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அவள் நெற்றியைப் பார்த்தார்.

“விழுந்துவிட்டாயா?”

“இல்லீங்க மதர். அட்சான், நானும் அட்சேன். மாதா மூஞ்சில ஓட்ட இல்ல, பாருங்க.”

தலைவி அறைச் சாவியை எடுத்துவர எழுந்தார்.