ஹுலு கங்கைக்கு நான் போட்ட அணை

ஒரு மலையையே சரித்தவன் நான் என்று நாற்பது வருடங்களாக நம்பி வந்தேன். நாலு எழுத்துப் படித்தவன் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை. குற்றவுணர்வு என்று நான் சுமந்ததில் பாதிக்குமேல் கர்வம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மடுல்கெல்லைப் பக்கம் ஒரே சரிவில் மேலே மாமா வீடு, கீழே பெரியப்பா வீடு, சற்றுத் தள்ளி நாங்கள். எங்கள் மலையில் விழும் மழையெல்லாம் ஹுலு கங்கைக்கு இறங்கி, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக் கடலுக்குப் போகிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் இவ்வளவு தண்ணீர் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் அடைமழை சற்று ஓய்ந்த ஒரு சாயங்காலம், மாமா தன் போஞ்சிப் பாத்தியில் தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானைக் கல்லும் மண்ணும் தேயிலைக் குச்சியும் போட்டு அடைத்தேன். முழங்கால் ஆழத்துக்கு நீர் தேங்கியது. திறப்புவிழாவுக்கு ஆள் கிடைக்காததால் நானே கைதட்டிக்கொண்டேன்.

மறுநாள் எல்லோரும் வத்தேகமையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மழை மறுபடி பிடித்தது. திரும்பி வந்தபோது பெரியப்பா வீடு இருந்த இடத்தில் செம்மண் மேடு. கொட்டகையும் மாடும் அதற்குள்ளே.

பெரியப்பா அந்த மேட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மாமாவின் முன்னால் நின்றார்.

"ஒன் கான் தண்ணியத்தானே எந் தலைமேல திருப்பிவிட்ட மச்சான்? இனி எம் மூஞ்சியில முழிக்காத."

நான் அடிக்குப் பயந்து, அணையைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

பெரியப்பா பன்விலைக்குக் குடிபோனார். அவர் செத்தபோது மாமா சந்தியில் குடையோடு நின்று, பாடை கடந்ததும் திரும்பி நடந்தார்.

மலை சரிவதற்கு வெகு முன்பே உச்சியில் காட்டை வெட்டி வழித்திருந்தார்கள். அங்கே விழுந்த மழையெல்லாம் வேரில்லாத மண்ணுக்குள் வருடக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கானைத் தாண்டி மேலே பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியாது. பெரியவர்களும் பார்க்கவில்லை.

போன மழையில் அதே மலை மறுபடி வெடிப்பு விட்டது. மாமாவைக் கிளப்பிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வகுப்பறைத் தரையில், அவருடைய பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அட, ஒன் அணையா?" என்றார் மாமா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "அத அன்னைக்கே பொழுது சாய ஒம் பெரியப்பா மாடு மிதிச்சு ஒடைச்சிருச்சே. நாந்தான் பாத்தேன். மலைய எறக்குற மூஞ்சியப் பாரு!"

இருமும்வரை சிரித்தார்.

"ஆனா நீ அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா, அந்த மனுசன் எங்கூடப் பேசியிருப்பாரு."