ஏழாம் எண் லிஃப்ட்டின் பதிவு

இது எனக்கு நடந்தது. பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே, வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. லிஃப்ட்டில் மாட்டிக்கொள்பவர்கள் அவசர பட்டனை அழுத்திப் பேசுவதெல்லாம் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் பதிவாகும். அந்தப் பதிவுகளைப் புது லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என் வேலை. ஒன்றே ஒன்று ஒத்துவரவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவு, ஏழாம் எண் லிஃப்ட். பழையதில் நான்கு விநாடி ஓடியது. புதியதில் பதினொரு நிமிடம் என்று காட்டியது.

காரணத்தைப் பிடிக்க எனக்குக் காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒலிப்பதிவை 'பைனரி' என்று சொல்லித் திறக்காமல், சாதாரண எழுத்துக் கோப்புபோலத் திறந்திருந்தார். அப்படித் திறந்தால், இருபத்தாறு என்ற எண் கண்ணில் பட்டதுமே கோப்பு முடிந்தது என்று விண்டோஸ் நின்றுவிடும். லினக்ஸ் அதைச் சட்டை செய்யாது. புரோகிராமில் பைனரிக்கான 'பி' என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். பதினாறு வருடம் குப்பை கொட்டிய மனுஷருக்கு அது தெரியவில்லை!

இத்தனைக்கும் மற்ற லிஃப்ட்டுகளுக்கெல்லாம் அந்த எழுத்தைப் போட்டிருந்தார். ஏழுக்கு மட்டும் இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2:10. அலுவலகத்தில் நானும் அழைப்புகளை எடுக்கும் ஆபரேட்டர் அக்காவும் மட்டும்தான்.

"உங்க மேதாவி பண்ணின வேலையைப் பாத்தீங்களாக்கா?"

"ஏழா? அதை அப்படியே விட்டுடுங்க தம்பி."

"ஏன், பேய் புடிச்சுக்குமா?"

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போய்விட்டார். படித்தவர்களே இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

2:14. பழைய கம்ப்யூட்டரில் அந்த எழுத்தைச் சேர்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டேன்.

முதல் நான்கு விநாடி, மணி அடிக்கும் சத்தம். டிர்ர்ர்...

அப்புறம் மூச்சு. யாரோ வாயால் மூச்சு விடுகிற சத்தம். மாட்டிக்கொண்டவன் பயந்தாங்கொள்ளி போலிருக்கிறது.

மூன்றாவது நிமிடம். டக்... டக்... டக்... கீபோர்டில் தட்டும் சத்தம்.

லிஃப்ட்டுக்குள் கீபோர்டா?

நான்காவது நிமிடம். க்ரீச்... ஒரு நாற்காலி.

என் நாற்காலிதான் அப்படிக் கிரீச்சிடும்.

அசையாமல் உட்கார்ந்தேன்.

2:19. ஹெட்போனில் என் குரல்.

"உங்க மேதாவி பண்ணின வேலையைப் பாத்தீங்களாக்கா?"

அக்காவின் பதில் வரவில்லை. அந்த இடத்தில் மூச்சு மட்டும்... இன்னும் பக்கத்தில்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

அப்போது கேட்டது. வலது காதுக்குப் பக்கத்தில். மெதுவாக.

"தெரிஞ்சுதான் விட்டாரு..."

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மூடிவைத்தார்.

மறுநாள் காலை 9:05க்கு நானே அந்த எழுத்தை அழித்தேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். பிறகுதான் அக்காவிடம் கேட்டேன், எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் வேலையை விட்டார் என்று.

"அவரு அதை முழுசாக் கேட்டாரு தம்பி. மறுநாளே ரெண்டு காதும் கேக்கல. டாக்டருங்க பாத்துட்டு, காதுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. பக்கத்துல பட்டாசு வெடிச்சாக்கூட அவருக்குத் தெரியாது..."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா இங்க ஏழாம் நம்பர் மணி அடிச்சா மட்டும், அவரு வீட்டுல உக்காந்துக்கிட்டே டக்குனு திரும்பிப் பாப்பாராம்."