மாவட்டத்தில் ஒரே ஒரு பயனர்

நான் எழுதிய லைப்ரரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே ஒரு பயனர்தான். அவளைத்தான் நான் கல்யாணம் செய்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தாள் என்பதால், இதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் இணையதளம் செய்கிறவர்கள் பட்டன், பெட்டி, படம் என்று துண்டு துண்டாகச் செய்வார்கள். அந்தத் துண்டுகளுக்குச் சட்டை போட்டுவிடுவது என் லைப்ரரியின் வேலை. பட்டனுக்குச் 'சின்னது', 'பெரியது' என்று இரண்டு அளவு எழுதிவைத்தால், கேட்ட அளவில் மாட்டிவிடும். இல்லாத அளவைக் கேட்டால் வாயே திறக்காமல் அம்மணமாக நிறுத்திவிடும்.

அந்த அவமானத்தைத் தடுக்க, அதே அளவுகளை 'டைப்' என்ற பெயரில் இன்னொரு ஃபைலிலும் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுதினால், தப்பான அளவைக் கேட்டதும் நிரல் எழுதுகிற எடிட்டர் சிவப்புக் கோடு போடும். இந்த இரட்டை வேலைதான் எங்கள் குடும்பப் பிரச்சினை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அதனால் அவளுக்கு நான் 'மக்கா'. கோபம் வந்தால் 'ஏலே'. 'நீங்க' என்று கூப்பிட்டால், ஒன்று என் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம், இல்லை நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அவள் தக்கலையில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டிலிருந்தே செய்வாள். அப்போது ஒரு ஜவுளிக்கடைக்கு ஓணம் விற்பனைக்காக இணையதளம் செய்துகொண்டிருந்தாள்.

"அளவ ஒருக்க எழுதியாச்சு. வேற ஃபைல்ல எதுக்கு மக்கா இன்னொருக்க எழுதணும்? கண்ணு முன்னால கெடக்கத வாசிக்க உன் லைப்ரரிக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை தளத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குள் இது சரியாகாவிட்டால் உன் லைப்ரரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். மாவட்டத்தில் எனக்கிருந்த மொத்த மார்க்கெட்டும் பக்கத்து அறையில் உட்கார்ந்து மிரட்டிக்கொண்டிருந்தது.

வேலையில் இறங்கினேன். நோய் என்னவென்றால், அவள் 'சின்னது' என்று எழுதியதை என் லைப்ரரி 'ஏதோ ஒரு சொல்' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. மார்த்தாண்டத்துக்கு டிக்கெட் கேட்டவனுக்கு 'ஏதோ ஒரு ஊர்' என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தது மாதிரி. எழுதிய சொல்லை அப்படியே பிடித்துவைத்து, அதிலிருந்து டைப்பைத் தானே ஊகிக்கும்படி மாற்றினேன். என் சோதனைப் பட்டன் அழகாக வேலை செய்தது. ஒரே ஒரு பட்டனை வைத்துச் சோதித்தவனுக்கு இருக்கிற தன்னம்பிக்கை வேறு யாருக்கும் வராது. புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டு, மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க கொஞ்சம் இங்க வருவியளா?"

அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை.

போய்ப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு பட்டனும் 'எனக்கு அளவு சொல்லவில்லை' என்று அலறிக்கொண்டிருந்தது. கண்டிப்பு நல்லதுதானே என்று மெல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"ஏலே, சாயக்கடையில போயி நீ என்ன சொல்லுவ?"

"சாயா."

"சீனி எவ்வளவு, பால் எவ்வளவுன்னு சொல்லுவியா?"

"அது எதுக்கு?"

"சொல்லாதவனுக்கு எப்பவும் உள்ளது. சீனி வேண்டாதவன் மட்டும் சொல்லட்டும். அளவு சொல்லலேன்னா சின்னதுன்னு நான் பட்டியல்லயே எழுதித்தானே வச்சிருக்கேன்? பொறவு எதுக்கு எல்லா பட்டன்கிட்டயும் போயி கேக்க?"

எழுதித்தான் வைத்திருந்தாள். அளவுகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்த நான், அவற்றுக்குக் கீழேயே இருந்த அந்த வரியை வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் சீனி அளவு சொல்லாமல் சாயா குடிக்கிறவன் செய்கிற தப்பா இது?

மத்தியானத்துக்குள் திருத்திவிட்டேன். வழக்கம் என்று ஒன்று எழுதியிருந்தால் கேட்காதே, எழுதாவிட்டால் கேள். இவ்வளவுதான். அவள் புதிய பதிப்பை ஏற்றினாள். கோடுகள் மளமளவென்று மறைந்தன. கையால் எழுதிய டைப் ஃபைலை அவள் அழித்தபோது, வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கிற மாதிரி ஒரு முகம்.

ஆனால் ஒரு கோடு மட்டும் போகவில்லை. 'ஓணம் தள்ளுபடி' என்ற பட்டனின் கீழே சிவப்பாகப் படுத்துக் கிடந்தது.

"இன்னும் தப்பிருக்கு" என்றாள், வேறு லைப்ரரிகளின் பக்கத்தைத் திறந்துகொண்டே. குனிந்து பார்த்தேன். அந்தப் பட்டன் 'மிகப்பெரியது' என்ற அளவைக் கேட்டிருந்தது. சட்டைப் பட்டியலில் அப்படி ஓர் அளவே இல்லை. அழித்த டைப் ஃபைலில் மட்டும் என்றைக்கோ சேர்த்திருந்தாள். பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறாள். எடிட்டரும் அந்த ஃபைலை நம்பி இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறது.

தள்ளுபடிப் பட்டன் மட்டும் ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று, மாதிரியைப் பார்த்த ஜவுளிக்கடைக்காரர் அவளிடம் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தாராம். நீங்கள் பார்க்கிற போன் பழசாக இருக்கும் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. கல்யாணமாகி நான் கற்றுக்கொண்ட ஒரே கண்டிப்பான விதி அது. அவள் அளவை எழுதிச் சேர்த்தாள். கோடு போனது. பட்டன் திரையில் மாப்பிள்ளை மாதிரி எழுந்து நின்றது. வேறு லைப்ரரிகளின் பக்கத்தை மூடினாள்.

"கொள்ளாம் மக்கா."

எங்கள் ஊரில் 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம். என் லைப்ரரிக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களிலேயே மிக நீளமானது இதுதான்.

சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற கடைக்குச் சாயா குடிக்கப் போனோம். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அண்ணே, ரெண்டு சாயா. கண்ணாடி கிளாசில. பால் ஊத்தி. சீனி போட்டு. சூடா."

சாயாக்கடைக்காரர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கேட்கும்படியே ரகசியமாகக் கேட்டார்:

"வீட்டுக்காரிக்கு வெளியூரா?"