தீ சுட்ட குசினித் தரை

கரடியனாற்றில் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். ஆகவே சமைக்கும் குசினியின் தரை விடயத்தில் கந்தப்போடியின் சொல் எடுபடவில்லை.

அவர் சீமெந்துதான் என்றார். சண்டைக் காலத்தில் வாவிக்கு மேற்கே இருந்த அந்த ஊருக்குச் சீமெந்து கொண்டுபோவது லேசல்ல. பதுங்குகுழி கட்டவா என்று சோதனைச் சாவடியில் குடைவார்கள். எப்படியோ கெஞ்சி இரண்டு பை கொண்டுவந்து இறக்கினார். மனைவி சீதேவிப்பிள்ளை அவற்றைத் தொட்டும் பார்க்கவில்லை.

"கிணத்தடிக்குப் போடுங்க. குசினிக்கு வேணாம்."

"ஏன்கா? ஆயுசுக்கும் கிடக்குமே!"

"அது கிடக்கும். என்ட முழங்கால் கிடக்குமா? நாவற்குடாவில தங்கச்சி ஊட்ட ஒரு மாரி முழுக்கச் சீமெந்தில இரிந்து சமைச்சன். மறுகா என்னைத் தூக்கி விட ஆள் தேவைப்பட்டுது."

வயல் வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கினால் வெட்டுக்காரர் எல்லோருக்கும் அவள்தான் தரையில் உட்கார்ந்து சோறாக்குவாள். முழங்கால் போனால் அடுப்பு வேறொருத்தி கைக்குப் போய்விடும். அதை அவளால் நினைத்தும் பார்க்க முடியாது.

புற்றுமண்ணைச் சலித்து, மணலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, கனமாகப் பரப்பி இடித்து இறுக்கினாள்.

"மாரி வந்தா குசினிக்குள்ள நாத்து நடலாம்" என்றார் கந்தப்போடி.

"நடுங்க. மிதிக்க மெத்தெண்டு இரிக்கும்."

அடுத்த மாரிக்கு முன்பே ஷெல் விழத் தொடங்கியது. உடுத்த துணியோடு வாவியைக் கடந்து ஓடினார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையுமில்லை, சுவருமில்லை. மழைக்காலத்துக்கென்று குசினிப் பரணில் அடுக்கியிருந்த விறகும் தேங்காய்ப் பொச்சும் தரையில் விழுந்து, நாட்கணக்கில் கனன்று சாம்பலாகியிருந்தன.

கந்தப்போடி சாம்பலை ஒதுக்கினார். மண்வெட்டி தரையில் பட்டதும் கணீரென்று ஒலித்தது. அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தட்டினார். சூளையில் வெந்த சட்டிபோலச் சிவந்து இறுகிக் கிடந்தது தரை. அழிக்க வந்த நெருப்பிடமிருந்தே மண் தன் உறுதியை வாங்கிக்கொண்டிருந்தது. சாவடி சாவடியாகக் கெஞ்சி அவர் தேடியலைந்தது, யாரும் கேளாமல் அங்கே வந்து கிடந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இஞ்ச பாருகா! சீமெந்து தோத்திரும். இனி உலகம் அழிஞ்சாலும் இது அசையாது."

சீதேவிப்பிள்ளை வெறுங்காலோடு அதில் ஏறினாள். மெல்ல உட்கார்ந்து பார்த்தாள். முகம் சுளித்தது, கையூன்றித்தான் எழும்ப முடிந்தது.

"புதினம்தான். ஆனா சட்டிக்குள்ள இரிந்து சமைக்கேலுமா? இதுக்கு மேல ஒரு சாண் பூசோணும். புத்துமண் கொண்டாங்க."

கந்தப்போடி அவளை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் சுவரில்லை, தலைக்கு மேலே வெறும் வானம்; அவளோ அடுத்த சமையலுக்குத் தரை பூச நிற்கிறாள். நெருப்புச் சுட்ட தரையைப் பார்த்துச் சிலிர்த்ததைவிட இப்போது கூடுதலாகச் சிலிர்த்தது. கூடையை எடுத்துக்கொண்டு புற்றைத் தேடிப் போனார்.