மிலுங்காவின் கல்லில் நான் வெட்டிய பத்தொன்பது

எங்கள் திமோக் ஆற்றங்கரை ஊர்களில் புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கும் சேர்த்தே கல் நட்டுவிடுவோம். ஒரே கல்லில் இரண்டு படம், இரண்டு பெயர், இரண்டு பிறந்த வருடம். உயிரோடு இருப்பவருக்கு இறந்த வருடம் மட்டும் பாக்கி. அதிலும் முன்னால் வரும் பத்தொன்பதை நாங்கள் கல்தச்சர்கள் அப்போதே வெட்டிவிடுவோம். பிற்பாடு இரண்டு எண் வெட்டினால் போதுமே என்ற சோம்பேறித்தனம்தான். நூற்றாண்டு ஒருநாள் முடியும் என்று எந்த மடையனுக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எண்பத்தாறில் ரதிசா மாரடைப்பில் போனபோது அவன் மனைவி மிலுங்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. கல் எப்படி வேண்டும் என்று கேட்கப் போனேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நானே எல்லாம் முடிவு செய்து நட்டுவிட்டேன்.

தொண்ணூற்றொன்பது டிசம்பர் கடைசியில் அவளுடைய ஒரே மகன் போஷ்கோ டிராக்டர் கவிழ்ந்து செத்தான். அப்பன் பக்கத்திலேயே புதைத்தோம். நாற்பதாம் நாள் வேகவைத்த கோதுமையும் ராக்கியா சாராயமும் படைத்துக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்காத ஒரு உறவுக்காரி கல்லில் மிலுங்காவின் பெயருக்குக் கீழே இருந்த பத்தொன்பதைக் காட்டினாள்.

"இவளுக்குன்னு வச்ச வருஷம் நூத்தாண்டு முடியற வரைக்கும் காலியாவே நின்னுச்சு. புள்ள போய் நெரப்பிட்டான்."

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். மிலுங்கா என்னைப் பார்த்தாள்.

"ஸ்ரெதேன் அண்ணே, அந்த நம்பரப் போடச் சொன்னது நானா? எனக்கு அப்ப நடந்தது எதுவுமே நெனவில்ல."

நான் வெட்டிய பத்தொன்பதுகள் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நிறைய இருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் பலர் அங்கேயே கோதுமை தின்றுகொண்டு நின்றார்கள். பயந்துவிட்டேன்.

"ஆமாம்மா, நீதான் சொன்ன" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் கல்லறைக்குப் போனாள். மெழுகுவர்த்தியை உருக்கி அந்த எண்ணின் பள்ளத்தை நிரப்புவாள். குளிரில் மெழுகு விறைத்து உதிர்ந்துவிடும். மறுநாள் மறுபடி நிரப்புவாள். கல்லில் இருந்தது யாருடைய கல்யாணத்திலோ சிரித்தபடி அவள் எடுத்துக்கொண்ட படம். அதன் எதிரே கைகட்டி நிற்பாள்.

"படத்துல இருக்கவ, நீ இன்னும் ஏன்டி நிக்கிறேன்னு கேக்கறாண்ணே" என்றாள் ஒருமுறை.

ஞாயிறுதோறும் அவள் வீட்டில் காபி குடித்தேன். அது எப்படி என் தொண்டையில் இறங்கியதோ, தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில் என் பட்டறைக்கு வந்தாள். ஆட்டையும் கோழிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். குளிர்காலத்துக்கு விறகுகூட வாங்கவில்லை.

"தொண்ணூத்தொம்போதுன்னு வெட்டி முடிச்சுடுண்ணே."

"பைத்தியமா ஒனக்கு? உசுரோட இருக்கவளுக்கு எப்படி வெட்டறது?"

"அது எம் பாடு. வர்ற சனிக்கிழமை செத்தவங்க நாள். அதுக்குள்ள முடிச்சுடு."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ரொட்டி வாங்க வந்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். வெட்ட மறுத்தாலும் இவள் உயிரை விட்டுவிடுவாள் என்று புரிந்தது. உளியைக் கீழே வைத்தேன்.

"நீ சொல்லல, மிலுங்கா."

"எத?"

"அந்த நம்பர. நீ அன்னிக்கு வாயே தொறக்கல. எல்லாருக்கும் வெட்டற மாதிரி நானாத்தான் வெட்டுனேன். நாப்பதாம் நாளு பயத்துல பொய் சொல்லிட்டேன்."

கேட்டாள்: "இத்தன வருஷமா எங் கையால காப்பி குடிச்சியே?"

"ஆமா."

கல்தூசி படிந்த பலகையில் அப்படியே உட்கார்ந்தாள். "போஷ்கோ, போஷ்கோ" என்று அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழுததெல்லாம் தன் பாவத்தை நினைத்துத்தான். பிள்ளைக்காக அன்றுதான் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"இப்பவே வந்து அதத் தேச்சு எடு" என்றாள்.

பிற்பகல் முழுக்கத் தேய்த்தேன். பத்தொன்பது போய், கல்லில் ஒரு குழி மட்டும் விழுந்தது. அவள் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் உயிரோடு இருந்தாள். சந்தையிலும் தேவாலயத்திலும் என்னைத் தாண்டித்தான் போவாள். ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வருடத்தை வெட்ட அடுத்த ஊர்க் கல்தச்சனைத்தான் கூப்பிட வேண்டும் என்று சாகும் முன் சொல்லிவிட்டுப் போனாளாம். அவன் வந்து வெட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.